பம்பாய் பிளேக்கும் பினாயில் வாளியும்

மாட்டுங்காவில் எங்கள் பாட்டி இருந்தவரை வெள்ளிக்கிழமை காலையில் வீடு முழுக்க பினாயில் வாடை அடிக்கும். வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றியதும் பால் மாதிரி வெளுக்கும். அதைப் பார்த்தால்தான் பாட்டிக்குத் திருப்தி. "வாசனை வரலேன்னா வீடு சுத்தமாகலேன்னு அர்த்தம்" என்பார். ஊரில் சாணி தெளித்து, தரை மெழுகி வளர்ந்தவருக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? தேடிப் போனால், அது நம் மாநகரின் ஒரு துயரக் காலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். மாண்ட்வி துறைமுகத்தை ஒட்டியது, தானியக் கிடங்குகள் நிறைந்தது. (இந்தத் தானியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.) சில மாதங்களுக்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது மனிதனை எப்படி வந்தடைகிறது என்பது தெளிவாகவில்லை. அழுக்கிலும் ஈரச் சுவரிலும் மண் தரையிலும்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் நம்பினார்கள். ஆகவே அவர்கள் முதலில் கையிலெடுத்த ஆயுதம் வாளியும் தென்னை மட்டையும்தான்.

சாக்கடைகளில் கடல்நீரையும் கார்பாலிக் அமிலத்தையும் பாய்ச்சினார்கள். நோய் கண்ட வீட்டின் சுவரில் பாதரசக் குளோரைடு கரைசலை அடித்து, அதன்மேல் சுண்ணாம்பு பூசினார்கள். மண் தரையைக் கொத்தி அள்ளினார்கள். வெயிலும் காற்றும் உள்ளே வரட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். பாயும் படுக்கையும் தீக்கிரையாயின. கதவில் ஒரு வட்டம், அதற்குள் தேதி. அந்நாளைய புகைப்படங்களில் இந்த வட்டங்கள் வரிசையாகத் தெரிவதைப் பார்த்தால் இன்றும் வயிற்றைப் பிசையும்.

இதில் சுண்ணாம்பு நமக்குப் புதிதல்ல. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? புதிதாக நீற்றிய சுண்ணாம்புக்குக் கடுமையான காரத்தன்மை உண்டு. அதில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. நாளாக ஆக, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெறும் சுண்ணாம்புக்கல்லாக மாறிவிடும். வருடாவருடம் மறுபடி அடித்த நம் முன்னோர்களின் வழக்கத்தில் நல்ல பொருள் இருக்கிறது. கார்பாலிக்கோ நிலக்கரித் தாரிலிருந்து வருவது. 1867-இல் லிஸ்டர் அறுவை சிகிச்சையில் அதன் பலனை எழுதி வெளியிட்ட பிறகு ஐரோப்பியருக்கு அதன்மேல் அபார பக்தி.

ஆனால் என் வீட்டை நான் கழுவுவது வேறு, பூட்ஸ் காலோடு ஒருவன் அடுப்பங்கரை வரை வந்து கழுவுவது வேறு. 1896 அக்டோபரில் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டதில் மூண்ட கோபம், 1897 ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்படுவதில் போய் முடிந்தது. ஜனங்கள் நோயாளியைப் பரணிலும் பின்கட்டிலும் ஒளித்துவைத்தார்கள். கழுவ வந்தவர்களுக்குப் பயந்தே நோய் மறைக்கப்பட்டது என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் விடையைக் கண்டார். எலி செத்ததும் அதன் உடம்பிலிருந்த தெள்ளுப்பூச்சி மனிதன்மேல் தாவுகிறது, கடித்து நோயைத் தருகிறது. அவர் பேச்சை உலகம் ஏற்கப் பல வருடங்கள் பிடித்தன. இப்போது மாண்ட்வியின் தானியத்துக்கு வருவோம். மூட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எனவே சுவரைத் தேய்த்ததைவிட, எலி வளை தோண்ட முடியாத கல் தரையும் மூடி போட்ட அரிசி டின்னும் அதிகம் காப்பாற்றியிருக்கும். சாணத் தரையைக் கேவலமாகப் பேசியவர்களுக்கு இது தெரியவில்லை. சாணம் புழுதியை அடக்கும், தரையை இறுக்கும், கிருமியைக் கொல்லாதுதான். ஆனால் குற்றவாளி அது அல்லவே.

பிளேக்கின் விளைவாக 1898-இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. நெரிசலைக் குறைக்க அது வகுத்த தாதர், மாட்டுங்கா திட்டங்களில்தான், பின்னாட்களில் நம்மவர்கள் வந்து குடியேறினார்கள். காற்றோட்டமான ஜன்னல், கழுவிவிடக்கூடிய தரை. அந்தத் தரைக்குத் தோதான சரக்குதான் பினாயில். பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் அதைச் சுதேசிச் சரக்காகவே நாடெங்கும் கொண்டுசென்றது.

பாட்டியின் முறையில் ஒன்றைத்தான் நான் மாற்றிக்கொண்டேன். அழுக்குத் தரையில் நேராகப் பினாயில் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே செலவாகிவிடும். முதலில் பெருக்கி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு பினாயில் போட்டுச் சில நிமிடம் ஈரமாக விட வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் மட்டும் தப்பித் தவறிக்கூடச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சையே அடைக்கும். அரிசி டின் மூடியின்மேல் பாட்டி வைத்திருந்த அம்மிக் குழவி இப்போதும் எங்கள் வீட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது.