அடிமைச் சீட்டும் கடன் சீட்டும்

வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் நம் முன்னோரின் கல்வி வரலாற்றைப் போற்றுகிறோம். அவர்தம் கூலி வரலாற்றையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அது இன்னும் முடிந்தபாடில்லை.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீது எவருக்கும் உடைமையுரிமை உண்டென்பதை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஆயினும் அடிமை வைத்திருந்தோரை அது தண்டிக்கவில்லை. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமே மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிற்று. ஆளை விற்ற சீட்டு மறைந்தது. ஆளைப் பிணைத்த கடன் சீட்டு நிலைத்தது. திருமணத்திற்கோ மருந்துக்கோ வாங்கிய சிறு தொகைக்காகத் தந்தை படியாளானார். அவருக்குப்பின் மகனும் அவ்வாறே ஆனான்.

1950இல் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஆள் வாணிபத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அக்கடன்களையே அழித்தது. கடன் அத்தகையதன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையதே. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் பழைய தளை 'முன்பணம்' என்னும் பெயரோடு வாழ்கிறது. கணக்குக் காட்டாமை, வெளியே செல்லவிடாமை, குடும்ப அட்டையைப் பறித்து வைத்தல், ஒருவரைப் பிணையாக நிறுத்திக்கொண்டே மற்றவரை ஊருக்கு அனுப்புதல், பள்ளி செல்லாது உழைக்கும் பிள்ளைகள்: இவை அதன் அடையாளங்கள்.

இவற்றைக் கண்டால் முதலாளியிடம் வாதிடலாகாது. தொழிலாளரை இரவோடிரவாக வேறிடத்திற்குக் கடத்திவிடக் கூடும். மேற்பார்வையாளர் எதிரில் அவர்களை வினவுதலும், அவர்தம் பெயரை ஊரில் பரப்புதலும் தீங்கே தரும். இடம், ஆட்களின் தொகை, கண்ட நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, சங்கத்துப் பெரியோரைக் கலந்து, கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்தில் தருக, படியொன்றை வைத்துக்கொள்க. உடனடி ஆபத்தெனின் 112, குழந்தைகளெனின் 1098 என்னும் எண்களை அழைக்கலாம். மீட்கப்பட்டவர் விடுவிப்புச் சான்று பெறும்வரை உடனிருத்தலும் நம் கடமை. அச்சான்று கையில் இல்லையேல் பழைய கடனைச் சொல்லி மீண்டும் அழைத்துச் செல்ல ஆள் வரும்.

1843இல் சட்டத்தைப் படித்துச் சொல்ல நம் தெருவில் எழுத்தறிந்தோர் அரியர். இன்று நீங்கள் இருக்கிறீர்கள். இச்சங்கம் உங்களைப் படிக்க வைத்தது அதற்காகவே.