தாஜ்மகாலில் கையெழுத்துப் போட்டவர்



வீடு கட்டி, பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் நாம் வாசலில் பெயர்ப்பலகை மாட்டுகிறோம். ஆனால் தாஜ்மகாலில் எழுத்து கடைசியாக மாட்டிய அலங்காரம் அல்ல. கட்டட அமைப்பின் ஒரு பகுதி.

மும்தாஜ் 1631-ல் இறந்தார். மறு ஆண்டே கட்டுமானம் தொடங்கியது. இஸ்லாமிய மரபில் இத்தகைய இடங்களில் மனித உருவங்களைச் செதுக்குவதில்லை. அந்த இடத்தைக் குர்ஆன் வசனங்கள் பெற்றன. அவற்றை எழுதும் பொறுப்பு அமானத் கானுக்குக் கிடைத்தது. இவர் ஈரானின் ஷிராஸ் நகரைச் சேர்ந்தவர். இயற்பெயர் அப்துல் ஹக். சிக்கந்தராவில் உள்ள அக்பர் கல்லறையின் கல்வெட்டு எழுத்துகளும் இவர் கைவண்ணமே.

அவர் தேர்ந்தெடுத்தது துலுத் என்னும் எழுத்து வகை. அதில் செங்குத்துக் கோடுகள் நீண்டு உயர்ந்திருக்கும். வரிசையாகப் பார்த்தால் தூண்கள் நிற்பதுபோலத் தோன்றும். அதனால் உயரமான வாசல் வளைவைச் சுற்றிவரும் சட்டத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

ஒரு சிக்கல் இருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் உச்சியில் உள்ள எழுத்து சிறிதாகத் தெரியும். எனவே மேலே போகப்போக எழுத்தைப் பெரிதாக அமைத்தார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிகிறது. எழுதியவரும் கட்டியவரும் முன்கூட்டியே பேசி, அளவெடுத்து வேலை செய்யாமல் இது நடந்திருக்காது.

எழுத்துகள் பெயின்ட்டும் அல்ல. வெள்ளைப் பளிங்கில் எழுத்தின் வடிவத்திலேயே பள்ளம் தோண்டி, அதே வடிவில் வெட்டிய கறுப்புப் பளிங்கைப் பதித்தார்கள். அதனால்தான் ஏறத்தாழ 390 ஆண்டு வெயிலிலும் மழையிலும் அவை மங்கவில்லை.

தலைமைக் கட்டடக் கலைஞர் உஸ்தாத் அகமது லாகூரி என்பது பொதுவான கருத்து. ஆனால் அவர் கையொப்பம் அங்கே இல்லை. அமானத் கானின் பெயர் மட்டும் கல்லறைக்குள் இருக்கிறது. தன்னை அற்பமானவன் என்று தாழ்த்திக்கொண்டே, ஹிஜ்ரி 1048, அதாவது 1638-39 என்று ஆண்டும் பொறித்திருக்கிறார்.

கல் சுமந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்களை அங்கே யாரும் இப்படிப் பொறிக்கவில்லை. நம் கட்டடத்தைக் கட்டிய கொத்தனாரின் பெயரும் நமக்குத் தெரியாதுதானே?

அடுத்த முறை ஆக்ரா போனால், போட்டோ எடுத்த கையோடு திரும்பிவிடாமல், வாசல் முன் நின்று எழுத்துகளைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பாருங்கள்.