மறையாக்க மென்பொருளின் பொது விநியோகம்

என்கிரிப்ஷன் எனப் பரவலாக அறியப்படும் மறையாக்கத்துக்கான மென்பொருளை, மூல நிரலோடும் கையேடுகளோடும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுவதே இந்த விநியோகம். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்று ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883இல் வகுத்த நெறி இதற்கு அடிப்படை.

அமெரிக்கா இதை ஆயுத ஏற்றுமதியாகவே நெடுநாள் நடத்தியது. பில் சிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபி என்ற மறையாக்க மென்பொருள் இணையம் வழியே கடல் கடந்ததால் அவர்மீது விசாரணை வந்தது. 1996 ஜனவரியில்தான் அது கைவிடப்பட்டது. இடையே 1995இல் எம்ஐடி பதிப்பகம் அதன் மூல நிரலைப் புத்தகமாகவே அச்சிட்டது. அச்சுப் புத்தகத்துக்கு ஏற்றுமதித் தடை இல்லை.

இந்தியாவில் அரசின் கண் ஏற்றுமதியைவிடப் பயன்பாட்டின் மீதே இருந்தது. இணையச் சேவை உரிம விதிகள், அனுமதி பெறாமல் பயன்படுத்தும் சாவியின் நீளத்தை 40 பிட்டுக்குள் நிறுத்தின. ரிசர்வ் வங்கியோ 2001இல் இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் எஸ்எஸ்எல் மறையாக்கம் வேண்டும் என்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் சேர்ந்த 84ஏ பிரிவு, மறையாக்க முறைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. 2015 செப்டம்பரில் வந்த வரைவுக் கொள்கை, மறையாக்கிய தகவலின் மூல வடிவத்தைப் பயனர் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்புக் கிளம்பவே 22ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. 2023 மே மாதம் 14 செயலிகள் தடை செய்யப்பட்டன. மூல நிரல் திறந்திருக்கும் மறையாக்கச் செய்திச் செயலிகளான எலிமெண்ட், பிரையர் இரண்டும் அவற்றில் அடக்கம். அதை எதிர்த்துக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கேரள உயர் நீதிமன்றம் சென்றனர்.

நிரலைத் திறந்து வைப்பது மட்டும் காப்பாற்றாது. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் 2006இல், மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அந்த வரிகள் ஏன் இருக்கின்றன என்ற விளக்கக் குறிப்பு அங்கே தெளிவாக இல்லை. விளைவாக, ஒவ்வொரு வகைச் சாவியும் 32,768 சாத்தியங்களுக்குள் சுருங்கிப்போனது. 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. ஆவணம் என்பது மென்பொருளின் இணைப்பு அல்ல, பாதுகாப்பின் பாகம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

இறக்கிய கோப்பு அசல்தானா என்று பார்க்கவும் வழி வேண்டும். டெபியன் தன் நிறுவல் வட்டுக் கோப்புகளோடு 128 எழுத்து நீள எஸ்எச்ஏ-512 சரிபார்ப்புத் தொகைகளையும் மின்கையொப்பத்தையும் வெளியிடுகிறது. கையொப்பமிட்ட சாவி யாருடையது என்பதைப் பெரும்பாலும் நேரில் உறுதிசெய்கிறார்கள். சந்திப்புகளில் அடையாள அட்டையும் காகிதச் சீட்டுமாக நின்று, சாவியை அடையாளம் காட்டும், நான்கு நான்காகப் பிரித்த 40 எழுத்து ‘விரல்ரேகை’க் குறியீட்டை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் குறியிடுவது வழக்கம்.

தமிழ்நாட்டில் இந்தப் பணி தன்னார்வலர்களின் தோளில் இருக்கிறது. காஞ்சிபுரத்தின் பெயரில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. விழுப்புரத்தில் 2023 ஜனவரியில் டெபியன் மாநாடான மினிடெப்கான்ஃப் நடந்தது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸ் நூல்களைத் தமிழில் இலவசமாகத் தருகிறது. காஞ்சிபுரம் அருகே திருப்புட்குழியில் கைப்பேசி வழியே பட்டுக்கூலி பெறும் நெசவாளரின் பரிவர்த்தனையிலும் மறையாக்கம் உண்டு. அவர் தம் மொழியில் படித்துத் தாமே சரிபார்த்துக்கொள்ள, கையொப்பச் சோதனை முதல் சாவிப் பாதுகாப்பு வரையான தமிழ்க் கையேடுகள் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.