மூன்று வருடக் கணக்கு

தொழில் தொடங்குகிறவர்களுக்கு இன்று கிடைக்கும் புத்திமதியில் முக்கால்வாசி மனத்தைப் பற்றியது. கனவை விடாதே, சோர்ந்து போகாதே, எழுந்ததும் இலக்கை நினை என்பார்கள். கொழும்புச் செட்டியார் தெருவின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இது சற்று விநோதமாகப் படும். புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தத் தெருவில், 1820களிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடை விரித்திருந்தார்கள். முதலில் இந்தியாவிலிருந்து அரிசியும் துணியும் தருவித்தார்கள். பிறகு காசையே சரக்காக்கினார்கள். கோப்பி அழிந்ததையும் வங்கி விழுந்ததையும் கண்ட பிறகும் அந்தத் தெருவில் தொழில் நடந்தது. ஒவ்வொருவருக்கும் அசாதாரண மனவுறுதி இருந்தது என்று இதற்கு விளக்கம் சொல்வது சுலபம். என் கணிப்பு வேறு. மனவுறுதி இல்லாத சாதாரண ஆளும் தொழிலை இழுத்துக்கொண்டு போகும்படியான ஒரு முறையை அவர்கள் வைத்திருந்தார்கள்.

அந்த முறையின் அச்சாணி மூன்று வருடம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து முதலாளி ஊரிலேயே இருப்பார். கொழும்பிலோ இரங்கூனிலோ பினாங்கிலோ அவருடைய விலாசத்தின் (நிறுவனப் பெயரின்) பேரில் தொழிலை நடத்துகிறவர் மேலாள், அதாவது ஏஜண்டு. அவர் ‘கொண்டுவிற்க’ப் போவது ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே வீட்டுக்குப் போய்விடும். மிச்சமும் இலாபத்தில் கிடைக்கும் பங்கும் கணக்கு முடித்து ஊர் திரும்பிய பிறகுதான். தவணை முடிந்ததும் அடுத்த ஆள் வந்து பேரேட்டைப் பொறுப்பேற்பார். எல்லையில்லாத உழைப்பில்தான் மனிதன் சலித்துப் போகிறான். எத்தனை மாதம் பாக்கி என்று தெரிந்தவன் மோசமான ஒரு வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுவான். அவன் தாண்டாவிட்டாலும் பேரேடு தாண்டும். அடுத்தவன் அதே கடன்காரர்களோடு அதே பக்கத்திலிருந்து தொடங்குவான்.

மேலாளுக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே மீசை அரும்பாத வயதில் வந்த பெட்டியடிப் பையன். அவனுக்குப் பாடம் பணப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நாள்குறிப்பு எழுதுவதும் கொடுக்கல்வாங்கலைக் காதால் கேட்பதும்தான். இன்று ஏவலாளாக இருக்கிறோம் என்ற மனக்குறை அவனுக்கு இருந்திருக்கலாம். ஆனால் ஏணியின் மேல்படியில் இருப்பவரும் இதே பெட்டியடியிலிருந்து வந்தவர் என்பது அவன் கண்ணெதிரே இருந்தது. இடம் கிட்டங்கி: ஒரே நீண்ட கட்டடத்தில் பல விலாசங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியும் ஒரு மேசையும். ஒருவன் காலையில் எழுந்து வரவில்லை என்றால் பக்கத்துப் பெட்டிக்காரனுக்குத் தெரியும். யாருக்கு வாராக்கடன் என்பதும் தெரியும். இந்தக் கண்காணிப்பு மூச்சு முட்டக்கூடியது என்பதில் ஐயமில்லை. தனியாக ஓர் அறையில் இருந்து தொழில் நடத்தி, மூன்று மாதம் யாரிடமும் பேசாமல் நொடித்துப் போவது மட்டும் அங்கே நடக்கவியலாது.

கோயிலும் இந்த ஏற்பாட்டின் உறுப்புத்தான். இலாபத்தில் மகமை என்று ஒரு பகுதி தெருவிலிருந்த கதிரேசன் கோயில்களுக்குப் போனது. கொள்ளைநோய்ப் பயத்தால் கதிர்காம யாத்திரைக்கு அரசு கட்டுப்பாடு விதித்த 1870களில், முருகனுக்கான ஆடிவேல் திருவிழா கொழும்புக்குள்ளேயே நடக்கத் தொடங்கியது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் தேர் போகும். பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தவணை நடுவில் குடும்பத்தைக் காணாத ஆண்களுக்கு வருடத்தை வகுத்துக்கொடுத்தது அந்தத் திருவிழாதான் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இவ்வளவு சுற்றி வளைப்பானேன், வட்டிதான் அவர்களை உந்தியது என்று ஒருவர் மறுக்கலாம். வட்டி உந்தியது உண்மை. பணம் ஒருவனைத் தொழிலுக்குள் இழுத்து வரும். பணமே வராத காலத்தில் அவனை அங்கே நிறுத்தி வைப்பது எது என்பதற்கு அது பதில் இல்லை. 1869இல் கோப்பி இலையில் கண்ட பூஞ்சண நோய் பதினைந்து வருடத்துக்குள் தோட்டங்களைத் தின்றுவிட்டது. 1884 மே மாதம் ஒரியண்டல் வங்கி கதவை அடைத்தது. நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று ஆளுநர் கோர்டன் அறிவிக்க வேண்டிவந்தது. வெள்ளைத் தோட்டக்காரர்கள் பலர் தீவை விட்டே போனார்கள். அவர்களுக்கும் இலாப ஆசை இருந்தது. செட்டியார் தெரு போகவில்லை. தேயிலையும் தென்னையும் வந்தபோது, ஐரோப்பிய வங்கிகள் எட்டிப் பார்க்காத உள்ளூர்க்காரனுக்குக் கடன் கொடுக்க அதே பெட்டிகள் தயாராக இருந்தன.

இன்னொரு மறுப்பு கனமானது. இந்த முறைக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்: மூன்று வருடம் கணவனைக் காணாமல் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இருந்த பெண்கள், பள்ளிக்கூட வயதில் கடல் தாண்டிய பையன்கள், வட்டி கட்ட முடியாமல் நிலத்தைத் தோற்ற கிராமத்தார். இதை நான் மறுக்கப் போவதில்லை. முறையாக ஒழுங்குபட்ட ஊக்கம் நல்லதற்கே பயன்படும் என்ற உத்தரவாதம் எங்கும் கிடையாது. 1918இல் கடன் கொடுப்போரைக் கட்டுப்படுத்தும் சட்டம் இலங்கையில் வந்ததற்குக் காரணம் இருந்தது. நான் சொல்வது, அது எப்படி வேலை செய்தது என்பதைத்தான்.

அப்படியானால் ஏன் முடிந்தது? இந்தக் கேள்விதான் என் வாதத்துக்கு உண்மையான சோதனை. செட்டியார்கள் கொடுத்த கடனில் பெரும்பகுதி பிரித்தானிய வங்கிகளிடம் சராப் என்ற உத்தரவாதத் தரகரின் பொறுப்பில் வாங்கியது. 1925இல் சில விலாசங்கள் முறிந்ததும் வங்கிகள் அந்தக் குழாயை மூடிவிட்டன. நான்கைந்து வருடத்தில் உலகப் பொருளாதார மந்தம். தேங்காய் விலை விழுந்தது. கடனுக்கு ஈடாக நின்ற தோட்டங்கள் அவர்கள் கைக்கு வந்தன. பர்மாவில் இதே கதை இன்னும் பெரிய அளவில்: கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்களுடைய நிலம் 1938க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. இலங்கையில் 1934இன் வங்கி ஆணைக்குழு கடன் தட்டுப்பாட்டை விசாரித்தது. 1939இல் இலங்கை வங்கி திறந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மிஞ்சியிருந்தவர்களின் நிலையை இன்னும் இறுக்கியது.

மேலாட்களின் தைரியம் 1925இல் திடீரென வற்றிவிடவில்லை. வற்றியது கணக்கை முடிக்கும் வசதி. ரொக்கமும் உண்டியல் சீட்டும் இருந்தவரை மூன்று வருடத்தில் ஐந்தொகை எடுத்து, பங்கைப் பிரித்து, அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறலாம். வாங்க ஆளில்லாத தென்னந்தோட்டத்தை எந்த விலையில் பேரேட்டில் ஏற்றுவது? போகிற மேலாளுக்கு எது இலாபம், வருகிறவனுக்கு எது பொறுப்பு? தவணை நீண்டது, கணக்கு முடியவில்லை, ஊரிலிருந்து புதுப் பெட்டியடிப் பையன்கள் வருவது குறைந்தது. அதே தெருவில் பின்னர் நகைக்கடைகள் பெருகின. அங்கே பொன்னை அன்றைக்கன்றே நிறுத்து விலை சொல்லிவிடலாம்.