காற்றால் ஆளப்பட்ட கட்டிடங்கள்

குளிர் மிகுந்த நாடுகளில் பள்ளிக்கூடத்திலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ நுழைகிறவர், அங்கு நிலவும் இதமான வெப்பத்தை உணர்கிறாரே அன்றி, அதனைக் காத்து நிற்பது எது என்று வினவுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் பெருங்கட்டிடங்கள் பலவற்றில் அக்காவலைச் செய்து வந்தது, சுவருக்குள் ஓடிய மெல்லிய செப்புக் குழாய்களில் அடைபட்டிருந்த வெறும் காற்றே என்றால் பலருக்கும் வியப்பாக இருக்கும். அக்காற்றின் வரலாற்றையும், அதனோடு சேர்ந்து மறைந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலறிவின் வரலாற்றையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

வரலாறு ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. 1847இல் பிறந்த வாரன் ஜான்சன் அங்குப் பேராசிரியராகப் பணியாற்றி வந்தார். அப்பகுதியின் குளிர்காலம் கொடியது. பள்ளியின் நிலவறையில் உலை எரியும். அதன் வெப்பம் மேலுள்ள அறைகளுக்கு ஏறி வரும். எந்த அறைக்கு எவ்வளவு வெப்பம் செல்ல வேண்டும் என்பதை நிலவறையில் இருந்த தடுப்புத் தகடுகளே தீர்மானித்தன. பள்ளியின் பணியாள் ஒருவர் அறை அறையாக நுழைந்து, வெப்பம் கூடியதா குறைந்ததா என்று பார்த்து, பின்னர்க் கீழே இறங்கித் தகடுகளைத் திருத்துவார். ஒவ்வொரு முறையும் பாடம் தடைபடும். அவர் படியிறங்கித் திருத்தி முடிப்பதற்குள் மேலே அறையின் நிலை மாறியிருக்கும். மாணவர்கள் ஒரு வேளை நடுங்குவார்கள். மறு வேளை வியர்ப்பார்கள்.

இத்தொல்லைக்கு ஒரு முடிவு காண ஜான்சன் முனைந்தார். அறையின் சுவரில் வெப்பத்தை உணரும் மின்கருவி ஒன்றை அமைத்தார். அறை குளிர்ந்தாலோ மிகையாகச் சூடேறினாலோ நிலவறையில் மணி ஒலிக்கும். உலையருகே இருப்பவர் தகட்டைத் திருத்துவார். 1883இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பாடம் தடைபடுவது நின்றது. எனினும் தகட்டை அசைக்க இன்னும் ஒரு மனிதக் கை வேண்டியிருந்தது.

தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி என்னும் எண்ணம் புதிதன்று என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவர் எழுதிய 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில், நீரின் அழுத்தத்தையும் காற்றின் அழுத்தத்தையும் கொண்டு தாமே திறந்து மூடும் அமைப்புகள் உள்ளிட்ட ஏறத்தாழ 100 கருவிகள் விளக்கப்பட்டுள்ளன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சு நாட்டவரான கொர்னேலிஸ் டிரெபெல், உலையின் வெப்பத்தை அவ்வெப்பமே அடக்கும்படி ஓர் அமைப்பைச் செய்தார். ஆயினும் பல அறைகள் கொண்ட ஒரு கட்டிடம் முழுவதையும் அறை அறையாக ஆளும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் உருப்பெற்றது.

1885இல் மில்வாக்கி நகரத்துச் செல்வர்களின் துணையோடு ஜான்சன் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் மின்னியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் உலைத் தகட்டைத் தானே திறந்து மூடும் மின்கருவி ஒன்றை அமைத்தார். 1891இல் சிகாகோவில் வில்லியம் பவர்ஸ் தம் நிறுவனத்தை நிறுவினார். ஜான்சனின் பார்வை காற்றின் பக்கம் திரும்பியது. பல அறைகளின் வெப்பத்தை அழுத்தக் காற்றால் தனித்தனியே ஆளும் முறைக்கு அவர் 1895இல் காப்புரிமை பெற்றார்.

மின்சாரம் இருக்கக் காற்றை ஏன் நாடினார் என்று கேட்கலாம். அக்காலத்தில் மின்சாரம் எல்லாக் கட்டிடங்களுக்கும் எட்டியிருக்கவில்லை; பாட்டரிகளோ நம்பத்தக்கவையல்ல. காற்றுக்கு வேண்டியவை ஒரு கம்ப்ரஸரும் ஒரு தொட்டியும் குழாய்களுமே. கனத்த நீராவி வால்வை அழுத்தி மூடும் வலிமை அதற்கு உண்டு, தீப்பொறி இல்லை. அதனினும் மேலாக, மணியைப் போல 'உண்டு, இல்லை' என்னும் இரண்டு சொற்களோடு அது நின்றுவிடுவதில்லை. சிறிது, இன்னும் சிறிது, பாதி, முக்கால் என்று அளவறிந்து பேசும். காற்றின் வலிமையை ஜான்சன் வேறிடத்திலும் காட்டினார். 1899 புத்தாண்டில் ஓடத் தொடங்கிய பிலடெல்பியா நகர மன்றக் கோபுரக் கடிகாரம் அவர் அமைத்தது. 26 அடி விட்டமுள்ள அதன் முகங்களில் முட்களை நகர்த்தியது அழுத்தக் காற்றே.

இனி இம்முறை இயங்கும் விதத்தைக் காண்போம். நிலவறையில் கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்புகிறது. ஈரமும் எண்ணெயும் தூசியும் நீக்கப்பட்ட பின், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 பவுண்டு அழுத்தத்தில் அக்காற்று கட்டிடமெங்கும் செல்கிறது. அறைச் சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டுக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை இருக்கிறது. வெப்பத்தில் ஓர் உலோகம் மற்றதைவிட மிகுதியாக விரிவதால் பட்டை வளையும். அதன் எதிரே ஒரு நுண்துளை. அத்துளை வழியே காற்று எப்போதும் சிறிது கசிந்துகொண்டே இருக்கும். அறை சூடேறினால் பட்டை துளையை நெருங்கும், கசிவு குறையும், உள்ளே அழுத்தம் உயரும். அவ்வழுத்தம் குழாய் வழியே வால்வுக்குச் சென்று, ரப்பர்ச் சவ்வைத் தள்ளி, வெப்ப வழியை அடைக்கும். அறை குளிர்ந்தால் பட்டை விலகும், காற்று வெளியேறும், வால்வின் ஸ்பிரிங் அதனை மீண்டும் திறக்கும். மின்கம்பி இல்லை, எழுத்து இல்லை, எண் இல்லை. 3 பவுண்டு முதல் 15 பவுண்டு வரையுள்ள அழுத்தமே அங்கு வழங்கும் மொழி.

இவ்வமைப்பில் முன்னோர் வைத்த ஓர் ஏற்பாடு போற்றத்தக்கது. காற்று அற்றுப்போனால் வெப்ப வால்வு தானே திறந்துகொள்ளும்படி ஸ்பிரிங் அமைக்கப்படுவது வழக்கம். நள்ளிரவில் கம்ப்ரஸர் நின்றுவிட்டால் அறை மிகையாகச் சூடேறலாம். ஆனால் பனியில் குழாய் உறைந்து வெடிக்காது. தவறு நேர்ந்தே தீரும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு, அது சிறிய தவறாக முடியும்படி செய்த அறிவு அது.

1928இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எழுந்த மைலாம் கட்டிடம் முழுவதும் குளிரூட்டப்பட்ட முதல் உயர் அலுவலகக் கட்டிடம் என்பர். குளிரூட்டல் பரவியபோது, வெப்பத்தை ஆண்ட காற்றே பல கட்டிடங்களில் குளிரையும் ஆளத் தொடங்கியது. ஒரே தெர்மோஸ்டாட்டின் அழுத்தம் இரண்டு வால்வுகளுக்கும் சென்றது. 3 பவுண்டிலிருந்து 8 பவுண்டுக்குள் வெப்ப வால்வு மூடிவிடும். 8க்கு மேல் ஏறினால்தான் குளிர் வால்வு திறக்கும். இவ்வாறு ஒன்றன் எல்லையில் மற்றது புகாதபடி ஸ்பிரிங்குகள் வகுக்கப்பட்டன.

ஆனால் அந்த எல்லையைக் காப்பவர் யார்? ஸ்பிரிங் தளரும், சவ்வு கிழியும், கம்ப்ரஸரிலிருந்து தப்பிய எண்ணெய் நுண்துளைகளை அடைக்கும், பட்டை நாளடைவில் தன் அளவை மறக்கும். அப்போது வெப்பமும் குளிரும் ஒருங்கே அறைக்குள் பாயும். அறையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று அழித்து இதமாகவே இருக்கும். நிலவறையில் மட்டும் எரிபொருளும் மின்சாரமும் வீணே கரைந்துகொண்டிருக்கும். இதனைக் கண்டறிய அளவுமானியும் சிறு திருகாணிக் கருவியும் ஏந்திய ஒருவர் அறை அறையாகச் சென்று, ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டையும் திறந்து, அழுத்தத்தை நோக்கித் திருத்தியாக வேண்டும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுவதைக் கேட்டே எங்கோ கசிவு என்று அறிபவர் அவர். சீறல் ஒலியைக் கேட்டே அது எந்தச் சுவருக்குள் என்றும் அறிபவர்.

ஜான்சன் 1911இல் மறைந்தார். அவருக்குப்பின் வந்தவர்கள் பிற முயற்சிகளைக் கைவிட்டு வெப்பக் கட்டுப்பாட்டையே பற்றி நின்றனர். தங்கள் கருவிகளைத் தங்களிடம் பயின்ற தொழிலாளரே பொருத்த வேண்டும் என்றும் விதித்தனர். கருவியை விற்பதோடு பணி முடிவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1972இல் அதே நிறுவனம் கட்டிடங்களை ஆளுவதற்கெனச் சிறிய கம்ப்யூட்டர் ஒன்றை வெளியிட்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடி, வீணாகும் வெப்பத்துக்கு விலை உண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியது. 1980களில் தொடங்கி, மின்னணுக் கருவிகள் காற்றின் இடத்தைப் படிப்படியே பற்றின. எங்கோ அமர்ந்து எல்லா அறைகளையும் திரையில் காணும் வசதியைக் காற்று தர இயலாது. ஆகவே இம்மாற்றம் குறை கூறத்தக்கதன்று. எனினும் பழைய பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் அக்குழாய்கள் இன்றும் சீறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் மொழியறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகின்றனர். அறியாதவர் கையில் அக்கருவி பழுதன்றி வேறாகத் தோன்றுவதில்லை. அறிந்தவர் கையிலோ ஒரு திருகில் சீராகிவிடும்.

இவ்வரலாற்றில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அறை அறையாகச் சென்ற ஒரு பணியாளின் உழைப்பை நீக்கவே ஒயிட்வாட்டரில் இக்கருவிக்கு வித்திடப்பட்டது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதனை வாழவைத்ததும் அறை அறையாகச் சென்ற மற்றொரு பணியாளே. முன்னவர் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை. பின்னவர்களையும் குறிப்பதாகத் தெரியவில்லை. எந்தத் துறையிலும் பழைய கருவியைக் கழற்றி எறியுமுன், அதனோடு வாழ்ந்தவரை அழைத்து, அவர் அறிந்ததைக் கேட்டு எழுதிவைப்பது நம் கடமை. கருவியை மீண்டும் செய்துவிடலாம். அதன் ஒலியைக் கேட்டே அதன் நோயறியும் செவியை அவ்வாறு செய்துவிட இயலாது.