தெஸ்லா (குடும்பப் பெயர்)

தெஸ்லா (டெஸ்லா எனவும் எழுதப்படும்) என்பது தெற்கு சிலாவிய மொழிகளுள் ஒன்றான செர்பிய மொழியைப் பேசுவோரிடையே வழங்கும் ஓர் அரிய குடும்பப் பெயர் ஆகும். இன்றைய குரோவாசியாவின் லிக்கா என்னும் மலைநாட்டுப் பகுதியே இப்பெயரின் தாயகம். மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் தூண்டல் மின்னோடியைக் கண்டுபிடித்த நிக்கோலா தெஸ்லா (1856–1943) இப்பெயரைத் தாங்கியவர்களுள் மிகவும் அறியப்பட்டவர். அவர் வழியாக இச்சொல் ஓர் அறிவியல் அலகுக்கும், ஒரு வானூர்தி நிலையத்துக்கும், தானுந்து நிறுவனம் ஒன்றுக்கும் பெயராயிற்று. ஆயினும் இதனைக் குடும்பப் பெயராகக் கொண்டோர் மிகச் சிலரே. பெயரின் புகழுக்கும் அதனைத் தாங்குவோரின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

பெயர் வடிவமும் ஒலிப்பும்

செர்பிய மொழியில் இப்பெயரின் முதலெழுத்து பல்லொலியாக, தமிழின் 'தெ' போன்றே ஒலிக்கும். எனவே 'தெஸ்லா' என்பது மூல ஒலிப்புக்கு நெருக்கமானது. 'டெஸ்லா' என்பது ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றியது.

உருசிய மொழியில் ஆணுக்கு இவானோவ், பெண்ணுக்கு இவானோவா எனக் குடும்பப் பெயர் பால்வேறுபாடு கொள்ளும். தெஸ்லா என்னும் பெயருக்கு அத்தகைய வேறுபாடு இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவமே. ஆனால் தமிழில் 'மரம்' என்பது வேற்றுமையில் 'மரத்தின்' எனத் திரிவது போல, செர்பிய மொழியில் இப்பெயரும் வேற்றுமை ஏற்கும்போது ஈறு திரியும். பெல்கிரேடில் உள்ள நிக்கோலா தெஸ்லா அருங்காட்சியகத்தின் பெயர் அம்மொழியில் 'முசேய் நிக்கோலே தெஸ்லே' என அமைவது இதனாலேயே.

சொற்பிறப்பு

செர்பிய மொழியில் 'தெஸ்லா' என்பது தச்சுக் கருவி ஒன்றைக் குறிக்கும் பொதுச்சொல் ஆகும். தமிழ்நாட்டுத் தச்சர்கள் வாய்ச்சி (பேச்சு வழக்கில் வாச்சி) என்று அழைக்கும் கருவியே அது. கோடரியின் வெட்டுவாய் கைப்பிடியின் போக்கிலேயே அமைந்திருக்கும். வாய்ச்சியின் வெட்டுவாயோ மண்வெட்டியைப் போலக் கைப்பிடிக்குக் குறுக்காக அமைந்திருக்கும். வெட்டி வீழ்த்திய மரத்தைச் செதுக்கிச் சதுரமான உத்திரமாக்குவதற்கு இது பயன்படும்.

'செதுக்கு' எனப் பொருள்படும் 'தெசாத்தி' என்னும் வினையடியோடு கருவிப் பொருள் தரும் ஈறு சேர்ந்து இச்சொல் உருவானது. இவ்வினை சிலாவிய மொழிகள் அனைத்துக்கும் மூலமான முதற்சிலாவிய மொழியிலேயே இருந்தது. அதன் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம் முழுவதும் பரவியுள்ளது. வாய்ச்சியைக் குறிக்கும் செருமானியச் சொல்லான 'டெக்சல்', தச்சனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'தெக்தோன்', 'கலை, தொழில்திறன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'தெக்னே' ஆகியவை இவ்வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தின் 'ஆர்க்கிடெக்ட்', 'டெக்னாலஜி' ஆகிய சொற்கள் இக்கிரேக்கச் சொற்களின் வழி வந்தன.

தச்சனைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான 'தக்ஷன்' என்பதும் இதே வேரைச் சேர்ந்தது. தமிழில் வழங்கும் 'தச்சன்' என்னும் சொல்லைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவ்வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. இக்கருத்தின்படி தெஸ்லா என்னும் பெயரும் தச்சன் என்னும் சொல்லும் ஒரே வேரின் இரு கிளைகள் ஆகும்.

தொடர்புடைய பிற பெயர்கள்

இவ்வேரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர்கள் சிலாவிய நாடுகள் பலவற்றில் உள்ளன. போலந்தில் செஷ்லா, செஷ்லாக்; செக் நாட்டில் தெசார்ஷ்; சிலோவாக்கியாவிலும் குரோவாசியாவிலும் தெசார்; உக்ரைனில் தெஸ்லியா, தெஸ்லென்கோ, தெஸ்லியுக் ஆகியவை அவற்றுட் சில. உக்ரைனிய எழுத்தாளர் ஆர்கிப் தெஸ்லென்கோ (1882–1911) அத்தகைய பெயர் கொண்டவர்.

இவற்றுக்கும் தெஸ்லாவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மேற்கண்ட பெயர்கள் தச்சன் என்னும் தொழிலாளியைக் குறிப்பவை, அல்லது 'தச்சன் மகன்' போன்ற பொருளில் அதிலிருந்து பிறந்தவை. தச்சர்கள் எல்லா ஊர்களிலும் இருந்ததால் இப்பெயர்களும் பல இடங்களில் தனித்தனியே தோன்றின. தெற்கு சிலாவிய மொழிகளில் தச்சன் 'தெசார்' எனப்படுகிறான். 'தெஸ்லா' என்பதோ அவன் கையிலுள்ள கருவி. கருவியின் பெயர் ஒரு குடும்பத்தின் பெயராவது அரிது. உக்ரைனியப் பெயரான தெஸ்லியா ஒலியில் நெருங்கியிருந்தாலும் அது தனியே தோன்றிய வேறு பெயராகும்.

குடும்பப் பெயரான வரலாறு

நிக்கோலா தெஸ்லாவுடன் பழகிய அறிவியல் இதழாளர் ஜான் ஓ'நீல் 1944 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலில் இப்பெயரைப் பற்றிய இரு விளக்கங்கள் காணப்படுகின்றன. முதலாவது, இது தொழிலையொட்டி அமைந்த பெயர் என்பது. இரண்டாவது, குடும்பத்தில் வழங்கிவந்த செவிவழிச் செய்தி. அக்குடும்பத்தின் ஒரு கிளையினருக்கு முன்பற்கள் அகன்றும் வெளியே நீண்டும் பரம்பரையாக அமைந்திருந்தன என்றும், அவை வாய்ச்சியின் அலகை ஒத்திருந்தமையால் இப்பட்டப்பெயர் வந்தது என்றும் அச்செய்தி கூறுகிறது. அதற்கு முன்னர் அக்குடும்பத்தின் பெயர் திராகானிச் என்பதாம். தொழிலாளிக்குத் 'தெசார்' என்னும் தனிச்சொல் இருந்தும் கருவியின் பெயரே நிலைத்தது, இது பட்டப்பெயராகத் தோன்றியிருக்கலாம் என்னும் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

ஓ'நீல் தெஸ்லா என்னும் பெயரின் வயதை இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் எனக் குறிப்பிடுகிறார். இக்கணக்கு ஏறத்தாழ 17 ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சுட்டுகிறது. ஓட்டோமான் பேரரசின் ஆட்சியில் இருந்த லிக்காவை ஆப்சுபர்க்குப் படைகள் 1689 இல் கைப்பற்றின. அதன் பின்னர் அப்பகுதி ஆப்சுபர்க்குகளின் 'படை எல்லைப்புறம்' என்னும் ஆட்சிப் பகுதியுடன் சேர்க்கப்பட்டது. அங்குக் குடியேறிய விவசாயிகள் நிலத்துக்கு ஈடாகப் படைப்பணி ஆற்றினர். செர்பியா நாட்டில் நிலையான குடும்பப் பெயரை ஏற்க வேண்டும் என்னும் ஆணை 1851 இல்தான் பிறந்தது. எல்லைப்புறத்திலோ அதற்கு வெகு முன்பே படைப் பதிவேடுகளிலும் கோயில் பதிவேடுகளிலும் பெயர்கள் எழுதப்பட்டன. வாய்மொழியில் மாறிக்கொண்டே இருக்கக்கூடிய பட்டப்பெயர், பதிவேட்டில் ஏறியதும் நிலைபெற்றுவிடுகிறது. படை எல்லைப்புறம் 1881 இல் குரோவாசியா-சிலவோனியாவுடன் இணைக்கப்பட்டது.

அரிதாக இருப்பதற்கான காரணங்கள்

ஒற்றைத் தோற்றம்: ஒரு குடும்பப் பெயர் பரவலாக இருப்பதற்கு முதன்மையான காரணம், அது பல இடங்களில் தனித்தனியே தோன்றியமையே ஆகும். போலந்தில் மிகப் பரவலான நோவாக், சுலோவீனியாவில் மிகப் பரவலான நோவாக், செக் நாட்டின் நோவாக் ஆகியவை 'புதிதாக வந்தவர்' என்னும் பொருளுடையவை. ஒவ்வோர் ஊரிலும் புதியவர் ஒருவர் இருந்திருப்பார். செர்பியாவில் பரவலான யோவானோவிச் என்பது 'யோவான் மகன்' எனப் பொருள்படும். யோவான்களும் எங்கும் இருந்தனர். தெஸ்லா அத்தகையதன்று. லிக்காவில் ஸ்மில்யான், ராதுச் முதலிய சில ஊர்களைச் சேர்ந்த குடும்பங்களே இப்பெயரைக் கொண்டிருந்தன.

தந்தைவழி மரபு: குடும்பப் பெயர் ஆண்மக்கள் வழியாக மட்டும் தொடரும் சமூகங்களில், மக்கள்தொகை குறையாவிட்டாலும் பெயர்கள் அற்றுப்போகின்றன. பிரான்சிஸ் கால்ட்டன் 1873 இல் இதனை ஒரு கணிதப் புதிராக முன்வைத்தார். ஹென்றி வில்லியம் வாட்சன் அதற்கு விடைகாண முயன்றார். இது இன்று கால்ட்டன்-வாட்சன் செயல்முறை எனப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆணுக்கு ஆண்மக்கள் இல்லாதிருக்க 25%, ஒருவர் இருக்க 50%, இருவர் இருக்க 25% வாய்ப்பு உள்ளதாகக் கொள்வோம். சராசரி சரியாக ஒன்று. ஆயினும் ஒருவரிடம் தொடங்கும் பெயர் முதல் தலைமுறையிலேயே அற்றுப்போக 25%, இரண்டாம் தலைமுறைக்குள் அற்றுப்போக ஏறத்தாழ 39%, மூன்றாம் தலைமுறைக்குள் அற்றுப்போக ஏறத்தாழ 48% வாய்ப்பு உண்டு. தலைமுறைகள் செல்லச் செல்ல இவ்வாய்ப்பு 100% ஐ நெருங்கும். சராசரி ஒன்றை விஞ்சினால் மட்டுமே பெயர் என்றும் நிலைக்கும் வாய்ப்பு ஏற்படுகிறது. பலரிடம் தோன்றிய பெயர் இவ்விழப்பைத் தாங்கிக்கொள்ளும். ஒரு குடும்பத்தில் தோன்றிய பெயரால் அது எளிதன்று.

போரும் இடப்பெயர்வும்: இரண்டாம் உலகப் போரின்போது 1941 இல் அமைந்த 'சுயாதீன குரோவாசிய நாடு' என்னும் அரசின் உஸ்தாசா இயக்கத்தினர் செர்பியர்களையும் யூதர்களையும் உரோமா மக்களையும் திட்டமிட்டுக் கொன்றனர். லிக்காவின் முதன்மை நகரான கோஸ்பிச்சுக்கு அருகே யாதோவ்னோ வதைமுகாம் செயற்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஸ்மில்யானிலும் செர்பியர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். தெஸ்லா என்னும் பெயர் கொண்டோரும் அவர்களுள் அடங்குவர். பெயர் ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தமையால், அவ்வட்டாரத்துக்கு நேர்ந்த அழிவு அப்பெயருக்கும் நேர்ந்த அழிவாயிற்று.

யுகோஸ்லாவியா உடைந்தபோது நிகழ்ந்த போரில் கோஸ்பிச் நகரில் இருந்த நிக்கோலா தெஸ்லாவின் சிலை 1992 இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1995 ஆகஸ்டில் குரோவாசியப் படையின் 'புயல்' நடவடிக்கையை ஒட்டி 1,50,000 முதல் 2,00,000 வரையிலான செர்பியர்கள் லிக்கா உள்ளிட்ட பகுதிகளை விட்டு வெளியேறினர்.

நிக்கோலா தெஸ்லாவின் குடும்பம்

நிக்கோலா தெஸ்லா 1856 சூலை 10 அன்று ஸ்மில்யானில் பிறந்தார். தந்தை மிலுத்தின் தெஸ்லா செர்பிய மரபுவழித் திருச்சபையின் குரு. தாய் ஜூக்கா, மண்டிச் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவர்களுக்கு டானே, நிக்கோலா என இரு ஆண்மக்களும் மில்கா, அங்கெலினா, மாரிசா என மூன்று பெண்மக்களும் பிறந்தனர். மூத்தவரான டானே சிறு வயதிலேயே இறந்தார். நிக்கோலா திருமணம் செய்துகொள்ளாமலேயே 1943 சனவரி 7 அன்று நியூயார்க்கில் காலமானார். மூன்று சகோதரிகளும் மணமுடித்துக் கணவர்களின் பெயர்களை ஏற்றனர். இவ்வாறு, ஐந்து மக்களைப் பெற்ற மிலுத்தினின் கிளையில் தெஸ்லா என்னும் பெயர் ஒரே தலைமுறையில் நின்றுபோனது.

குருதித் தொடர்பு நின்றுவிடவில்லை. மாரிசாவின் மகனும் யுகோஸ்லாவிய அரசியலாளருமான சாவா கொசானோவிச் நிக்கோலாவின் உடைமைகள் பெல்கிரேடு சென்றுசேர வழிவகுத்தார். அங்கு நிறுவப்பட்ட அருங்காட்சியகத்தில் உள்ள ஆவணத் தொகுப்பை யுனெஸ்கோ 2003 இல் 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

ஆகவே இன்று தெஸ்லா என்னும் பெயர் கொண்ட ஒருவரை நிக்கோலாவின் நேர்வழித் தோன்றல் எனக் கருதுவது தவறாகும். அவர் பிற கிளைகளைச் சேர்ந்த உறவினராக இருக்கலாம். நிக்கோலாவுக்கு மிக நெருங்கிய உறவினரான சகோதரிகளின் வழித்தோன்றல்கள் வேறு பெயர்களையே கொண்டுள்ளனர்.

பெயரின் பிற பயன்பாடுகள்

* அலகு: 1960 இல் கூடிய 11 ஆவது எடை, அளவைகள் பொது மாநாடு காந்தப் பாய அடர்த்தியின் அலகுக்குத் தெஸ்லா எனப் பெயரிட்டது. ஒரு தெஸ்லா 10,000 காஸ் ஆகும். மருத்துவமனைகளில் உள்ள காந்த ஒத்ததிர்வுப் படக் கருவிகள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 தெஸ்லா வலிமையுடையவை.
* செக்கோசிலோவாக்கிய நிறுவனம்: 1946 இல் அமைந்த மின்னணுக் கருவி நிறுவனமான தெஸ்லாவின் பெயர் நிக்கோலாவைச் சார்ந்தது என்பர். அது 'தெக்னிகா சிலபோப்ரௌதா' (குறைமின்னோட்டத் தொழில்நுட்பம்) என்பதன் சுருக்கம் என்றும் விளக்கம் தரப்பட்டது. 'தெக்னிகா' என்பதும் மேலே கண்ட 'தெக்னே' வழி வந்த சொல்லே.
* தானுந்து நிறுவனம்: அமெரிக்காவில் மார்ட்டின் எபர்ஹார்டு, மார்க் டார்ப்பெனிங் ஆகியோர் 2003 இல் தொடங்கிய தெஸ்லா மோட்டார்ஸ் நிறுவனம் 2017 இல் தன் பெயரைத் தெஸ்லா எனச் சுருக்கிக்கொண்டது. நிக்கோலாவின் நினைவாகச் சூட்டப்பட்ட பெயர் இது.
* விண்பொருள்கள்: 2244 தெஸ்லா என்னும் சிறுகோளும், நிலாவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு கிண்ணக்குழியும் இப்பெயர் கொண்டவை.
* வானூர்தி நிலையம்: பெல்கிரேடு வானூர்தி நிலையத்துக்கு 2006 இல் நிக்கோலா தெஸ்லாவின் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் ஸ்மில்யானில் அவருடைய பிறப்பிடத்தில் நினைவு மையம் திறக்கப்பட்டது.
* நாணயம்: செர்பியாவின் 100 தினார் தாளில் நிக்கோலாவின் உருவம் உள்ளது. 2023 இல் யூரோவுக்கு மாறிய குரோவாசியாவும் தன் 10, 20, 50 சென்ட் நாணயங்களில் அவர் உருவத்தைப் பொறித்துள்ளது.