அயர்லாந்தின் செவிவழி இசையும் கணினியும்

நூறாண்டுகளுக்கு முன்னர், அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிராமமொன்றிலே சிறுவன் ஒருவன் பிடில் வாசிக்கக் கற்க விரும்பினானாயின், அவன் நாடிச் செல்லும் இடம் அயல்வீட்டுக் கணப்படுப்பின் ஓரமேயாகும். அங்கே முதியவர் ஒருவர் நடன மெட்டு ஒன்றை வாசிப்பார். சிறுவன் கேட்பான், மறுநாளும் வந்து கேட்பான், பின்னர்த் தன் கருவியிலே தட்டித் தடவி வாசித்துப் பார்ப்பான். ஏடு இல்லை, எழுத்தும் இல்லை. மெட்டோ மிகச் சிறியது. எட்டுத் தாளக் கட்டுகள் கொண்ட ஒரு பகுதி, அதே அளவினதான இன்னொரு பகுதி. பெரும்பாலும் ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்படும். ஜிக், ரீல், ஹோர்ன்பைப் என நடனத்துக்கேற்பத் தாளம் வேறுபடும். இத்தகைய மெட்டுகள் ஆயிரக்கணக்கில் உள. அவற்றுட் பலவற்றை ஆக்கியவர் யார் என்று சொல்வார் இலர்.

சிலைகோ மாவட்டத்துப் பிடில்காரர் வாசிக்கும் அதே மெட்டை டொனெகல் மாவட்டத்தார் வாசிக்கும்பொழுது, கேட்பவர்க்கு வேறொரு பொருளே போலத் தோன்றும். முன்னவர் வில்லை நீள இழுத்துப் பல சுரங்களை ஒன்றாக இணைப்பர். பின்னவர் சுரத்துக்கு ஒரு வீச்சாக வெட்டி வெட்டி வாசிப்பர். சொல் ஒன்றாயினும் ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறுவது போன்றதே இது.

இவ்வாறு கற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த அயலவர் அங்கே இருத்தல் வேண்டும். அவர் இறந்துபோனாலோ, கப்பலேறிச் சென்றுவிட்டாலோ, கற்க வந்தவன் யாரிடம் கேட்பது? அயர்லாந்து இசையின் இருநூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் இக்கேள்விக்குத் தேடிய விடைகளின் வரலாறேயாகும். பென்சில், மெழுகுருளை, இசைத்தட்டு, நாடா என ஒன்றன்பின் ஒன்றாக வந்த விடைகளில் கணினி அண்மைக்காலத்தது.

முதல் விடை 1792ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பெல்பாஸ்ற் நகரிற் கிடைத்தது. அயர்லாந்தின் பழைய யாழ்ப்புலவர் மரபு அருகிவிட்டதைக் கண்ட நகரப் பெருமக்கள் சிலர், எஞ்சியிருந்த யாழ்க் கலைஞரை அழைத்து ஒரு விழா நடத்தினர். வந்தவர் அயர்லாந்தினர் பதின்மரும் வேல்ஸ் நாட்டவர் ஒருவருமே. அவருட் பலர் கண்பார்வையற்றவர். டெனிஸ் ஹெம்ப்சன் என்பவர் தொண்ணூறு வயதைக் கடந்தவர். பித்தளை நரம்புகளை நீண்ட நகங்களால் மீட்டும் பண்டை முறையை அங்கே கைக்கொண்டிருந்தவர் அவர் ஒருவரே. அவர்கள் வாசித்தவற்றை எழுதும் பணி எட்வர்ட் பன்ரிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு சுரத்தையேனும் கூட்டி எழுதலாகாது என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை. பன்ரிங் 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். அவற்றின் மெட்டுகளோ பியானோ வாசிப்போருக்கு ஏற்ப உருமாற்றப்பட்டிருந்தன. அவர் அவசர அவசரமாகக் கிறுக்கிய குறிப்பேடுகள் இன்றும் பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உள. அச்சு நூலுக்கும் குறிப்பேட்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிஞர் கண்டு காட்டியுள்ளனர். எழுதினால் நிலைக்கும் என்பது உண்மை. ஆயின் எழுதுபவனின் கை எப்பொழுதும் சும்மா இருப்பதில்லை.

அடுத்து வந்தது பெரும் பஞ்சம். 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிய, ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டகன்றனர். 1841இல் எண்பத்திரண்டு இலட்சம் அளவினதாயிருந்த மக்கட்டொகை 1851இல் அறுபத்தைந்து இலட்சமாகக் குறைந்தது. கணப்படுப்புகள் அணைந்தன. இசை கப்பலேறியது.

கப்பலேறியவருள் பிரான்சிஸ் ஓனீல் என்பவரின் வரலாறு கதையினும் விந்தையானது. 1848இல் கோர்க் மாவட்டத்தில் ட்ரலிபேன் என்னும் ஊரிற் பிறந்து, 1865இல் வீட்டை விட்டுக் கடலோடியாயினார். பசிபிக் கடலிலே கப்பல் உடைந்து, வெறுந்தீவொன்றில் ஒதுங்கி, மீட்கப்பட்டபொழுது, மீட்ட கப்பலில் உணவு மிகக் குறைவு. அங்கே ஹவாய்த் தீவு மாலுமி ஒருவனின் புல்லாங்குழலை வாங்கி வாசித்து, அந்த நட்பினால் அவன் உணவிற் பங்கு பெற்றார் என்பர். 1873இல் சிக்காகோப் பொலிஸ் படையிற் சேர்ந்த சில வாரங்களிலேயே திருடன் ஒருவனின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அக்குண்டை உடலிலே சுமந்தவாறே பதவி உயர்ந்து, 1901 முதல் 1905 வரை அந்நகரின் பொலிஸ் மாஅதிபராக விளங்கினார்.

சிக்காகோவில் அயர்லாந்தின் எல்லா மாவட்டத்தாரும் வந்து குடியேறியிருந்தனர். தாய்நாட்டில் ஒருவரையொருவர் காணாத பிடில்காரரும் குழல்காரரும் அங்கே ஒரே தெருவில் வாழ்ந்தனர். ஓனீல் அவர்களைத் தேடித் தேடிக் கேட்டார். அவருட் சிலருக்குப் பொலிஸ் படையிலே தொழிலும் கிடைத்தது. தாயின் வாயிற் கேட்டவற்றையும் பிறரிடம் பெற்றவற்றையும் நினைவிலே தேக்கி வைத்திருந்தார். ஆயினும் சுரக்குறிப்பு எழுத அவருக்கு வராது. அதே குலப்பெயரினரான ஜேம்ஸ் ஓனீல் என்பவரே அவர் வாசித்துக் காட்டியவற்றை எழுதியவர். 1903இல் 1,850 மெட்டுகள் கொண்ட பெருந்தொகுதி வெளிவந்தது. 1907இல் 1,001 நடன மெட்டுகள் கொண்ட நூல் தொடர்ந்தது. இசைக்கலைஞர் இரண்டாவதைப் புத்தகம் என்ற பொதுப்பெயராலேயே சுட்டுமளவுக்கு அது நிலைபெற்றது. அயர்லாந்தின் இசை அயர்லாந்துக்கு வெளியிலிருந்து திரும்பிச் சென்றமைக்கு இதுவே பெரிய முன்மாதிரி.

ஓனீல் இன்னொன்றும் செய்தார். எடிசனின் மெழுகுருளைகளிலே தம் நண்பர்களின் வாசிப்பைப் பதிந்தார். அவ்வுருளைகளைப் பற்றிப் பின்னருங் கூறவேண்டியுள்ளது.

மூன்றாவது விடை இசைத்தட்டு. சிலைகோவில் 1891இற் பிறந்த மைக்கல் கோல்மன் 1914இல் அமெரிக்கா சென்று, 1921 முதல் நியூயோர்க்கில் இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டுகளின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமே அடங்கும். குடியேறியோர் அவற்றைப் பொதிகளிற் சுற்றி ஊருக்கு அனுப்பினர். ஊரார் வியந்தனர், வியந்ததோடு நில்லாது கோல்மனைப் போலவே வாசிக்கவுந் தலைப்பட்டனர். ஊசியைத் தூக்கி மீண்டும் மீண்டும் அதே இடத்தில் வைத்து, விரலால் தட்டின் வேகத்தைக் குறைத்துக் கற்றனர். விரலை வைத்தால் வேகம் மட்டுமன்றிச் சுருதியும் இறங்கிவிடும். இது கற்போர்க்குப் பெருந்தொல்லை. (அத்தட்டுகளிற் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்த சிலருக்கு அம்மெட்டுகளே தெரியா என்பது இன்றுவரை கலைஞர் சொல்லி நகைக்கும் செய்தி.) விளைவு யாதெனின், சிலைகோப் பாணி நாடெங்கும் பரவியது, தத்தம் ஊர்ப்பாணி பழையது என்று பலர் நாணி அதைக் கைவிட்டனர். அயலவர் வீட்டு முதியவரைவிடத் தட்டிற் பாடும் பெட்டி பெருமைக்குரியதாயிற்று. கோல்மன் ஈடற்ற கலைஞர் என்பதில் ஐயமில்லை. அவருடைய சிறப்பே பிற பாணிகளுக்குக் கேடாய் முடிந்தது.

1935இல் அமைந்த நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு இதனை ஓரளவு தடுத்தது. அதன் சார்பில் ஷேமஸ் எனிஸ் 1942 முதல் 1947 வரை மேற்கு மாவட்டங்களெங்கும் அலைந்து பாட்டும் மெட்டும் எழுதினார். 1950களில் அயர்லாந்து வானொலியின் ஒலிப்பதிவு வண்டி கிராமங்களுக்குச் சென்று, குடியானவர் வாசிப்பதை அவர்தம் வீட்டிலேயே பதிந்து நாட்டுக்கு ஒலிபரப்பியது. தம் ஊர்ப் பிடில்காரர் வானொலியில் வருவதைக் கேட்ட ஊராருக்கு இழந்த மதிப்பு மீண்டது. அரசாங்க உத்தியோகத்தரான பிரெண்டான் பிரானக், 1963இல் முதற் பாகம் வெளியான தம் நடன இசைத் தொகுதிக்காக, ஒவ்வொரு மெட்டின் தொடக்கத்தையும் இலக்கங்களாக மாற்றி அட்டைகளிற் குறித்து அடுக்கினார். ஒரே மெட்டுக்கு ஊர்தோறும் வேறு பெயர். ஒரே பெயரில் வேறு வேறு மெட்டு. பெயரே இல்லாதவையும் உண்டு. ஆகையால் ஒலியைக் கொண்டே ஒலியைத் தேடவேண்டும் என்று அவர் கண்டார். கணினி பின்னர்ச் செய்யவிருந்த தொழிலை அவர் கையாற் செய்தார் எனலாம்.

கணினி இவ்விசைக்குள் நுழைந்த வழி மிக எளியது. கிறிஸ் வோல்ஷோ என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர், தாம் கற்ற மெட்டுகளை மறவாதிருக்க வெறும் எழுத்துகளாற் குறித்து வந்தார். 1993இல் அதனை ஒழுங்குபடுத்தி, அவ்வெழுத்துகளை ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பாக அச்சிடும் மென்பொருளையும் வெளியிட்டார். ஐரோப்பியர் ஏழு சுரங்களுக்கு வழங்கும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துகளே அடிப்படை. கீழ்த்தாயிக்குப் பெரிய எழுத்து, மேல்தாயிக்குச் சிறிய எழுத்து. இரட்டிப்பு நீளத்துக்கு அருகில் 2 என்னும் இலக்கம். தாளக் கட்டின் முடிவுக்கு ஒரு நிலைக்கோடு. இதற்கு ஏபிசி முறை என்று பெயர். அக்காலத்துத் தொலைபேசிக் கம்பி வழியே ஒரு நிமிட இசையை முழுத் தரத்தில் அனுப்ப ஒன்றரை மணித்தியாலம் செல்லும். ஏபிசி முறையில் ஒரு மெட்டு முழுவதும் நொடியில் மின்னஞ்சலாகச் சென்றடையும். போஸ்ரனிலும் மெல்பேணிலும் ஒசாகாவிலும் இருந்தோர் அயலவரானதற்கு இதுவே காரணம். ஆர்வலர் பலர் சேர்ந்து ஓனீலின் நூல்களையே எழுத்தெழுத்தாக மாற்றினர்.

ஆயினும் பன்ரிங்கின் இடர் இங்கும் உண்டு. எழுத்தில் இருப்பது மெட்டின் எலும்பு மட்டுமே. அயர்லாந்துக் கலைஞர் ஒரு சுரத்தை நீட்டுமிடத்து, அதனை மேற்சுரத்தாலும் கீழ்ச்சுரத்தாலும் சுழற்றி ஐந்து அசைவாக்குவர். இதனை ரோல் என்பர். எங்கே சுழற்றுவது, எங்கே விடுவது, எவ்வளவு தாளத்தைச் சாய்ப்பது என்பனவற்றைக் கணினி அறியாது. எழுத்தைக் கொடுத்தால் அதுவே வாசித்தும் காட்டும். எல்லாச் சுரமும் ஒரே அளவு, ஒரே எடை. அதை மட்டும் கேட்டுக் கற்றவனை முதிய கலைஞர் இரண்டாம் தாளக் கட்டிலேயே கண்டுகொள்வர்.

இதனினும் பயனுடையது இன்னொரு கருவி. சுருதி மாறாமல் வேகத்தை மட்டுங் குறைக்கும் வழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் 1966இலேயே வெளியிட்டிருந்தனர். 1990களின் பிற்பகுதியில் வீட்டுக் கணினிகளும் அதைச் செய்யும் ஆற்றல் பெற்றன. கோல்மனின் ரீல் ஒன்றைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால், சுருதி இம்மியும் பிசகாமல் வில் திரும்பும் இடமும், ரோல் சுழலும் விதமும் காதுக்குத் தெளிவாகும். தட்டின் மேல் விரலை வைத்துத் தவித்த தலைமுறையினர் இதனைக் கண்டிருப்பின் என் சொல்லியிருப்பர்! ஏபிசி முறை மாணவனின் கண்ணுக்கு வேலை கொடுத்தது. இக்கருவியோ அவனை மீண்டும் செவியின்பால் அனுப்பியது. அயல்வீட்டுக் கணப்படுப்புக்கு அண்மையது பின்னதே.

பிரானக்கின் அட்டைத் தொழிலையும் கணினி ஏற்றது. டப்ளினைச் சேர்ந்த கணினி விரிவுரையாளர் பிரையன் டகன் 2009இல் ரியூன்பல் என்னும் தேடுகருவியை உருவாக்கினார். தெரியாத மெட்டொன்றைச் சில வினாடி வாசித்தால், அது சுரங்களை எழுத்துகளாக்கி, தொகுப்பிலுள்ள ஒவ்வொரு மெட்டுடனும் எத்தனை எழுத்து வேறுபடுகிறதென எண்ணி, மிக நெருங்கியதன் பெயரைக் கூறும். தாத்தாவிடம் பெயரில்லாமற் கற்ற மெட்டுக்குப் பேரன் பெயர் கண்டறிதல் இன்று கைத்தொலைபேசியால் ஆகும் செயல்.

1987இல் டப்ளினில் நிறுவப்பட்ட அயர்லாந்து மரபிசைச் சுவடிக்கூடம் தன் ஒலிப்பதிவுகளையும் ஏடுகளையும் இணையத்தில் ஏற்றி வருகிறது. ஓனீலின் மெழுகுருளைகளும் அவ்வாறே மீண்டன. அவற்றுட் பல அழிந்தன என்றே கருதப்பட்டது. ஆயின் ஓனீலின் நண்பரான மைக்கல் டன் என்பாரின் குடும்பத்தில் ஒரு தொகுதி இருந்து, இந்நூற்றாண்டில் மில்வாக்கி நகரின் வோட் இசைச் சுவடிக்கூடத்தை அடைந்து, இணையத்திற் கேட்கக் கிடைத்துள்ளது. கோல்மனின் தட்டுகள் பரவுவதற்கு முன்னர் வாசித்த எட்வர்ட் குரோனினின் பிடிலும், பற்சி ரூகியின் துருத்திக் குழலும் இரைச்சலுக்கிடையே ஒலிக்கின்றன. தட்டு ஒரு பாணியை உயர்த்திப் பிறவற்றை மறைத்தது. மறைந்தவற்றைக் கேட்க விரும்புபவனுக்கு இன்று தடையில்லை. விரும்புபவனுக்கு என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. இணையத்தில் எளிதிற் கிடைக்கும் ஒரு வடிவத்தையே எல்லோரும் கற்றால், கோல்மன் காலத்தில் நேர்ந்தது மீண்டும் நேரும். இம்முறை அவ்வடிவம் கோல்மனுடையதாகக் கூட இராது.

2020இல் கொள்ளைநோய் பரவியபொழுது, இவ்வசதிகளின் எல்லை வெளிப்பட்டது. நாடெங்கும் மாலைக் கூட்டங்கள் நின்றன. ஆசிரியர் திரையிலே தோன்றிக் கற்பித்தனர். ஒருவர் வாசிக்க மற்றவர் தத்தம் வீட்டில் ஒலிவாங்கியை அடைத்துவிட்டு உடன் வாசித்தனர். ஒருவரையொருவர் கேட்டு ஒன்றாக வாசிக்க முயன்றோர் தோற்றனர். ஒலி ஒரு வினாடியின் நாற்பதில் ஒரு பங்கு பிந்தினாலே தாளம் தளரத் தொடங்கும். சாதாரண இணைய வழியில் அதனினும் பலமடங்கு பிந்தும். தனித்துக் கற்பதற்கு எல்லாம் இருந்தன. கூடி வாசிப்பதற்கு எதுவும் இல்லை.

மரபிசைக் கலைஞர் சங்கமான கோல்தஸ் 1951இல் தொடங்கிய ஆண்டு விழா அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் வழக்கம்போல நடைபெறவில்லை. 2022 ஓகஸ்டில், எழுபத்தோராண்டுகளுக்கு முன் முதல் விழா நடந்த மலிங்கார் நகரிலேயே மீண்டும் கூடினர். திரைவழி மட்டும் ஒருவரையொருவர் அறிந்திருந்த மாணவரும் ஆசிரியரும் அந்நகர்த் தெருவோரத்திலும் உணவுக்கடைகளிலும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு அமர்ந்தனர். ஒருவர் ஒரு ரீலைத் தொடங்கினார். இரண்டாம் முறை சுற்றி வருமுன் மற்றவர் அனைவரும் சேர்ந்துகொண்டனர்.